நான்கு குரல்கள், ஒரு காது

பிப்ரவரி 5, ஞாயிறு

காலையில் துணி ஊறவைத்து, வீட்டுக்காரருக்கு அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி மூடிவைத்துவிட்டுக் கணபதி ஏரியாவுக்குக் கிளம்பினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் கூட்டம். ஷாஜகான் அண்ணனின் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு அன்று விடுமுறை. மாடி அறையில் செம்புக் கம்பிச் சுருள்களை ஓரமாக நகர்த்திவிட்டு நான்கு பேர் உட்காருவோம். அண்ணன், நான், ஓவிய ஆசிரியை கிளாடிஸ், மென்பொருள் கம்பெனியில் இருக்கும் ரகோத்தமன்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருக்கிறேன். பழைய விளையாட்டுக் கருவிகளுக்குள் சத்தம் எழுப்பும் சில்லு ஒன்று இருக்கும், அதை வைத்துப் பாட்டு அமைக்கிறோம். உலகத்தில் இதற்குச் சிப்டியூன் என்று பெயர். கோயம்புத்தூரில் இதற்கு இன்னும் பெயர் இல்லை. என் வீட்டில் 'கீய்ங் கீய்ங்'. நான் போடுவதை 'கட்டம்' என்ற புனைபெயரில் இணையத்தில் ஏற்றுகிறேன். கண் ஆஸ்பத்திரியில் என்னோடு வரவேற்பில் உட்காரும் யாருக்கும் அது தெரியாது. பின்லாந்தில் ஒருவருக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

இன்று ரகோத்தமன் ஒரு செய்தியோடு வந்தான். பீளமேட்டுப் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு பழைய மில்லில் மார்ச் மாதம் இசை விழாவாம். எங்களையும் கேட்டிருக்கிறார்கள்.

"கிட்ஸ் ஏரியாவுல ஒரு மணி நேரம் குடுக்கறாங்க. பழைய கேம்ல வர்ற மியூசிக் எல்லாம் வாசிக்கணும். டிரஸ் அவங்களே குடுத்துருவாங்க. அட்டையில கட்டம் கட்டமா செஞ்சது."

"அட்டைய மாட்டிட்டு நிக்கறதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

"அக்கா, மொதல் தடவையா நம்மள யாரோ கூப்பிடறாங்க."

"நம்மளக் கூப்பிடல. பொம்மையக் கூப்பிடறாங்க."

ஷாஜகான் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். நாதஸ்வரம்னு ஒரு பாட்டு வகை இருக்குதா? கருவிதான் இருக்குது. அதுல கீர்த்தனையும் வாசிக்கலாம், சினிமாப் பாட்டும் வாசிக்கலாம். நம்ம டப்பாவும் அப்படித்தான? சிப்டியூன் தனி வகைன்னு எப்பவும் சொல்றீங்களே, எதை வச்சுச் சொல்றீங்க?"

நான் பதில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். என் டப்பாவில், அந்தப் பழைய கேம் பாயில், ஒரே நேரத்தில் நான்கு குரல்கள்தான் வரும். இரண்டு கூரான குரல்கள், அடியில் நடக்க ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல் ஒன்று. ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை நிறுத்த வேண்டும். எதை விடுவது என்று தவிக்கிறோமே, அந்தத் தவிப்பிலிருந்துதான் பாட்டு பிறக்கிறது. வேறு எங்கும் அது வராது. அதனால் இது ஒரு வகை.

"அப்ப நான் லேப்டாப்ல போடறது?" என்று ரகோத்தமன் கேட்டான்.

"அது நகல்."

அவன் லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். கிளாடிஸ் முறுக்கு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். குழந்தைகள் பகுதி வேண்டாம், ஏதாவது சின்ன மேடை கிடைக்குமா என்று அவளே அவர்களுக்கு எழுதிக் கேட்பதாக முடிவு.

திரும்பி வரும்போது துணி இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.


பிப்ரவரி 9, வியாழன்

எழுந்ததும் இடது காது அடைத்திருந்தது. தலைக்குக் குளித்ததில் தண்ணீர் போயிருக்கும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். ஆவி பிடித்தேன்.


பிப்ரவரி 10, வெள்ளி

இன்னும் திறக்கவில்லை.


பிப்ரவரி 11, சனி

ஹெட்போன் ஒயர் போய்விட்டது. இடது பக்கம் சுத்தமாகச் சத்தம் இல்லை. புதுப் பாட்டில் அடிக்குரலை இடது பக்கம்தான் வைத்திருக்கிறேன், அது இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்குகிறது. காந்திபுரம் போய்ப் புது ஹெட்போன் வாங்கிவந்தேன். அதிலும் அப்படித்தான். இப்போதெல்லாம் எதையும் சரியாகச் செய்து விற்பதில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் ஒரு பெரியவர் பெயரை மூன்று முறை சொல்லிவிட்டு, "ஏம்மா, கண்ணாஸ்பத்திரிக்கு வந்தா காது கேக்காதுங்களா?" என்றார். பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.


பிப்ரவரி 12, ஞாயிறு

இவர் இப்போதெல்லாம் என்னோடு பேசுவதே இல்லை. சாயங்காலம் முழுக்க சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தோம். ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் எழுந்து போய்த் தானே தோசை ஊற்றிக்கொண்டார். கிரைண்டர் கம்பெனியில் மார்ச் வந்தாலே விற்பனை ஆட்களைப் பிழிந்துவிடுவார்கள், அந்த எரிச்சலாக இருக்கும். நானும் கேட்கவில்லை.

ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். இடதை வலது காதில், வலதை இடது காதில். ஒயரில் கோளாறு இல்லை.


பிப்ரவரி 13, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனேன். அம்பது வயதிருக்கும் அம்மாள். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "அழுக்கும் இல்ல, சளியும் இல்ல" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். பீப் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்கு விடாமல் தூக்கிக்கொண்டிருந்தேன். நல்ல சுத்தமான ஒலிகள், என் டப்பாவில் வருவது போலவே. பிறகு இடது காது. கை மடியில் கிடந்தது. வெகு நேரம் கழித்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் பொத்தான்களை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

நரம்புக் கோளாறாம். திடீரென்று ஒரு காதில் இப்படி வருமாம். எதனால் என்று பெரும்பாலும் தெரியாதாம். "காது அடைச்ச அன்னிக்கே வந்திருக்கணும்மா" என்றார். ஸ்டீராய்டு மாத்திரை, அதற்குப் பிறகு காதுக்குள்ளேயே ஊசி, ஒரு ஸ்கேன். சிலருக்கு முழுசாகத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு வராது.

"நான் ஹெட்போன் போடுவேன் டாக்டர். தினமும்."

"அதனால வந்த மாதிரி தெரியல. சத்தத்தால வர்றதுன்னா பெரும்பாலும் ரெண்டு காதுலயும் மெதுவாத்தான் வரும். இப்போதைக்கு ஹெட்போன் வேண்டாம், அவ்வளவுதான். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்களேன் அடுத்த தடவை."

சரி என்றேன். இவருக்கு மார்ச் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். சும்மா எதற்குக் கலவரப்படுத்துவது.


பிப்ரவரி 15, புதன்

மாத்திரை பசியைக் கிளப்புகிறது. உருளைக்கிழங்குப் பொரியலை அடுப்படியில் நின்றபடியே வாணலியோடு தின்றேன். தூக்கம் சரியில்லை. அலமாரியில் இருந்த எல்லாப் புடவையையும் எடுத்து மறுபடி மடித்தேன்.


பிப்ரவரி 16, வியாழன்

விழாக்காரர்களிடமிருந்து கிளாடிஸுக்குப் பதில் வந்துவிட்டது. ஸ்ரீவித்யா என்ற பெண் எழுதியிருக்கிறாள். மார்ச் 19, மாலை, தறி ஓடிய கொட்டகையில் இருக்கும் சின்ன மேடை கிடைக்கும். ஆனால் நிகழ்ச்சிப் பலகையில் 'வீடியோ கேம் இசை' என்று போட்டால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்கிறாள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினேன்: அந்தப் பெயரில் போட்டால் நான் வரமாட்டேன். நம்மைத் தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் நன்றாகத்தானே இருந்தோம்.

ரகோத்தமன் பதில் போடவில்லை. ஷாஜகான் அண்ணன் கட்டை விரல் படம் ஒன்று போட்டார், எதற்கு என்று தெரியவில்லை. கிளாடிஸ் மட்டும், 'நீங்க இல்லாம நாங்க போறதா இல்லைக்கா. யோசிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க' என்று எழுதினாள்.

கொள்கை என்று ஒன்று இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.


பிப்ரவரி 19, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். இவர் வந்து எனக்கு எதிரே, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் அப்படி நிற்கிற ஆள் இல்லை.

"மேகலா, எம்மேல உனக்கு என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம்? நீங்கதான் ஒரு வாரமாப் பேசறதில்ல."

"நானா? தெனமும் பேசீட்டுத்தான இருக்கறேன். படுத்ததும் அன்னன்னைக்கு நடந்ததெல்லாம் சொல்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கற. ஒரு 'ம்' கூட இல்ல. சோபாவுல உக்காந்து கேக்கறேன், தோசை ஊத்தட்டா, உனக்கும் வேணுமான்னு. டிவியவே பாத்துட்டு இருக்கற. நான் என்ன பண்ணுனேன்னு யோசிச்சு யோசிச்சுத் தலையே வலிக்குது."

கட்டிலில் இவர் எனக்கு இடது பக்கம். சோபாவிலும் இடது பக்கம். வலது காதைத் தலையணையில் வைத்துத்தான் நான் தூங்குவது வழக்கம். ஒரு வாரமாக இந்த மனிதர் செவிட்டுக் காதோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

கத்தியைக் கீழே வைத்தேன். "ஏனுங்க, எனக்கு எடது காது கேக்கறதில்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், மாத்திரை, ஸ்கேன். வெங்காயம் அரிந்ததால் கண்ணில் தண்ணீர். இவர் கேட்டுக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட எதுக்கு மறைச்ச?"

"பாட்டுப் போடறத நிறுத்துன்னு சொல்லுவீங்கன்னு."

"நான் எப்ப அப்படிச் சொல்லியிருக்கறேன்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் சொன்னதில்லை. கீய்ங் கீய்ங் என்று கேலி செய்திருக்கிறார். சத்தத்தைக் குறை என்றிருக்கிறார். நிறுத்து என்று சொன்னதே இல்லை.

மாத்திரைச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஸ்கேனுக்குச் செவ்வாய்க்கிழமை தானும் வருவதாகச் சொல்லிவிட்டு அப்போதே மேலாளருக்குப் போன் செய்தார். சாயங்காலம் நான் துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, கட்டிலில் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்து எனக்கு வலது பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போன் சார்ஜர் எட்டாது அந்தப் பக்கம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார்.

கிளாடிஸுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்வதாக இருந்தது. உடம்பு சரியில்லை, வருகிற வாரம் நேரில் பேசுவோம் என்று செய்தி அனுப்பினேன்.


பிப்ரவரி 21, செவ்வாய்

ஸ்கேன் எந்திரத்துக்குள் அரை மணி நேரம். டப் டப் டப், பிறகு ஒரு நீண்ட ரீங்காரம், பிறகு வேகமாகத் தட்டுவது. அசையக் கூடாது. வலது காதால் எண்ணிக்கொண்டிருந்தேன். இரைச்சலும் அடிக்குரலும் மட்டும் வைத்து ஒருத்தர் பாட்டு அமைத்த மாதிரி இருந்தது. பயமாக இல்லை. கொஞ்சம்தான்.


பிப்ரவரி 22, புதன்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கட்டி கிட்டி எதுவும் இல்லை.

இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு இளநீர் வாங்கினார். குடித்துவிட்டு இன்னும் இரண்டு வாங்கினார். வழுக்கையைக் கரண்டி வைத்துத் தோண்டித் தோண்டித் தின்றோம். இப்படி ஒரு கட்டி இருக்கக்கூடும் என்று நாங்கள் இருவருமே பயந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.


பிப்ரவரி 24, வெள்ளி

காதுக்குள் முதல் ஊசி. அறை கொஞ்சம் சுற்றியது. நினைத்த அளவு வலி இல்லை.


பிப்ரவரி 26, ஞாயிறு

கணபதிக்கு இவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். மேலே வாங்க என்றேன். நீங்க நாலு பேரும் பேசுங்க, நான் பேக்கரியில் இருக்கிறேன் என்று போய்விட்டார்.

மேலே போனதும் காது விஷயத்தைச் சொன்னேன். கிளாடிஸ் எழுந்து வந்து, எந்தப் பக்கம் என்று கேட்டு, வலது பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"அதுக்குத்தான் வரமாட்டேன்னீங்களா அம்மிணி?" என்றார் ஷாஜகான் அண்ணன்.

"இல்லீங்கண்ணா, பேர் விஷயத்துலதான்" என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். "ஆமாங்கண்ணா" என்றேன்.

ரகோத்தமன் லேப்டாப்பைத் திறந்தான். "அக்கா, உங்க டப்பாவ இதுல மாட்டுனா நாலு குரலும் தனித்தனிக் கோடாத் தெரியும். எது வருது, எது வரலைன்னு கண்ணால பாத்துக்கலாம். நகல்னு நெனைக்காதீங்க. கண்ணாடின்னு நெனைச்சுக்குங்க."

நகல் என்று நான் சொன்னதை அவன் மறக்கவில்லை. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றேன். அவன் ஒயரைச் சொருகுவதில் மும்முரமாக இருந்தான்.

ஹெட்போன் கூடாது என்பதால் வலது பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் என் நல்ல காதருகே வைத்தார்கள். திரையில் நான்கு கோடுகள். அடிக்குரல் கோடு துள்ளிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை. பிறகு டப்பாவில் இடது, வலது என்று நான் பிரித்து வைத்திருந்த எல்லாக் குரல்களையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். வலது காதில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நெரிசலாக இருந்தது. ஒரு கூரான குரலில் பாதியை வெட்டினேன். நெரிசல் போனது. வெட்டிய பிறகு பாட்டு முன்னைவிட நன்றாக இருந்ததை வேண்டாவெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

கிளாடிஸ் பெயர் விஷயத்தைக் கேட்டாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. "வீடியோ கேம் இசைன்னே போட்டுக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

"அதெப்படி?" என்றார் ஷாஜகான் அண்ணன். "நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயி யோசிச்சேன் அம்மிணி. நீங்க சொன்னதுதான் சரி. நாதஸ்வரத்துக்கு எல்லாப் பாட்டும் ஒத்துவரும். இந்த டப்பாவுக்கு எல்லாம் ஒத்துவராதுங்க. இதுக்குன்னு ஒரு நடை இருக்குது. சிப்டியூன்னே போடச் சொல்லுங்க. புரியாதவன் வந்து கேக்கட்டும்."

நானோ அவர் முன்பு சொன்னதுதான் சரி என்று பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். வாதாடத் தெம்பு இல்லை. சரி என்றோம். நான் வருகிறேன் என்றும் சொன்னேன்.


மார்ச் 2, வியாழன்

இடது காதில் சத்தம் வருகிறது.

காலையில் குக்கர் விசில் அடித்தது. இரண்டு விசில் கேட்டது. ஒன்று சரியான விசில், இன்னொன்று அதற்குக் கொஞ்சம் கீழே, ஓட்டை ஊதல் மாதிரி. அடுப்பில் ஒரே குக்கர்தான். வலது காதைப் பொத்தினேன். ஓட்டை ஊதல் மட்டும் கேட்டது.

இவரைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டு விலாசத்தைச் சொன்னார், பின்கோடு உட்பட. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு எந்திர மனிதன் விலாசம் சொல்வது போல இருந்தது. சிரிப்பு தாங்கவில்லை. இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எந்திரச் சிரிப்பாகக் கேட்டது, நான் இன்னும் சிரித்தேன்.


மார்ச் 4, சனி

டாக்டரிடம் சொன்னேன். "நல்ல அறிகுறி" என்றார். நரம்பு மறுபடி வேலைக்கு வருகிறது. வரும்போது சுருதி தப்பித்தான் வரும், பலருக்குப் போகப் போகச் சரியாகும், பொறுமையாக இருங்கள் என்றார்.

திரும்பும்போது டீக்கடையில் சினிமாப் பாட்டு. எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டுதான். இரண்டு காதும் இரண்டு சுருதியில் கேட்டன. வயலின்கள் எல்லாம் அழுகிப்போன மாதிரி, பாடுகிறவர் தன்னோடு தானே சண்டை போடுகிற மாதிரி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வழியில் ஒரே தூசி.


மார்ச் 5, ஞாயிறு

டாக்டர் ஹெட்போன்தான் வேண்டாம் என்றார், சின்ன ஸ்பீக்கரைச் சொல்லவில்லை. சத்தத்தை மிகவும் குறைத்து, வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இடது காதால் என் பாட்டைக் கேட்டேன்.

அது அதுவாகவே இருந்தது.

சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மனிதக் குரலும் வயலினும் வந்து சேராத அந்தக் காதுக்குள் கூரான குரல் இரண்டும் நிமிர்ந்து நடந்து வந்தன. அவற்றில் கெடுவதற்கு அதிகம் இல்லை. நடு நடுவே உரசும் நயமான ஓசைகள் இல்லை, மூச்சு இல்லை, வெறும் கோடும் மூலையும்தான். அடிக்குரல் வந்தது. இரைச்சல் தாளம் வந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு முழுப் பாட்டு.

ஐந்தாறு முறை போட்டுக் கேட்டேன். வேறு வேலை எதுவும் ஓடவில்லை. இது வகையா, கருவியா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.


மார்ச் 10, வெள்ளி

இரண்டாவது ஊசியும் முடிந்தது. குக்கரின் இரண்டு விசில்களும் சுருதியில் நெருங்கி வருகின்றன.

பலகையில் 'சிப்டியூன்' என்று போட ஸ்ரீவித்யா சம்மதித்துவிட்டாளாம்.


மார்ச் 16, வியாழன்

மறுபடி அந்தச் சத்தம் புகாத அறை. இடது கை, வலது கை என்று இல்லை, ஏதோ ஒரு கையைத் தூக்கினால் போதும். தூக்கினேன். மறுபடி தூக்கினேன். மிகக் கீச்சென்ற ஒலிகள் சிலவற்றுக்கு மட்டும் கை எழவில்லை என்று நினைக்கிறேன். டாக்டர் வரைபடத்தைப் பார்த்து, "அந்த மேல் சுருதி வரலாம், வராமயும் போகலாம். மீதியெல்லாம் வந்தாச்சு. நீங்க அதிர்ஷ்டசாலிம்மா" என்றார்.

மேடை ஏறலாமா என்று இவர்தான் கேட்டார், நான் கேட்பதற்கு முன்னால். இடது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு ஏறலாம் என்றார் டாக்டர். "என்ன வாசிக்கறாங்க, வீணையா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க, சிப்டியூனுங்க" என்றார், என்னவோ எல்லோரும் வீட்டில் வைத்திருக்கிற சாமான் மாதிரி.


மார்ச் 19, ஞாயிறு

விழா முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

மில் வாசலில் பலகை. ஐந்து மேடைகளின் நிகழ்ச்சிகளும் இரண்டு மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். தறிக் கொட்டகை, மாலை ஐந்து மணி என்ற இடத்தில் தமிழில் 'சிப்ஸ் டியூன்' என்று இருந்தது. ஷாஜகான் அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தூணில் சாய்ந்துவிட்டார். இத்தனை நாள் சண்டை போட்ட பெயர். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. ஸ்ரீவித்யா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். இருக்கட்டும் விடுங்க என்றோம்.

சத்தம் சரிபார்க்கும்போது ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மேடைக்கு வந்தார். "மேடம், உங்க லைன்ல புஸ்ஸுனு நாய்ஸ் வருதுங்க. கேபிள மாத்திரட்டுங்களா?"

"அது எங்க டிரம்முங்க" என்றேன்.

திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அந்த நாய்ஸை இன்னும் ஏற்றிவைத்தார். அங்கே எங்களை முதலில் புரிந்துகொண்டது அவர்தான்.

ஐந்து மணிக்கு நாற்காலிகளில் பாதி காலி. பெரிய மேடைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு குடும்பம் உள்ளே வந்து, சிப்ஸ் எங்கே தருகிறார்கள் என்று கேட்டது. கிளாடிஸ் சளைக்கவில்லை. "முடிஞ்சதும் நானே வாங்கித் தர்றேன், உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள்.

ரகோத்தமன் முதலில் லேப்டாப்பில் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவன் எதில் வாசிக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறக்கவும் தோன்றவில்லை. பிறகு அண்ணன், பிறகு கிளாடிஸ். கடைசியில் நான். அடைப்பானைச் சொருகினேன், பொத்தானை அழுத்தினேன். நான்கு குரல்களும் நடுவிலிருந்து கிளம்பித் தகரக் கூரையில் முட்டித் திரும்பின. இரைச்சல் தாளம் நுழைந்த இடத்தில் சிப்ஸ் குடும்பத்தின் அப்பா தலையை ஆட்டத் தொடங்கினார். கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, பின்னால் சிலர் வந்து நின்றுகொண்டார்கள்.

முடிந்ததும் அந்த அப்பா மேடை அருகில் வந்தார். "இது எந்த கேம்ல வருதுங்க?"

"கேம் இல்லீங்க. பாட்டு."

"எந்தப் படத்துல?"

"படமும் இல்லீங்க. நாங்க போட்டது."

"அப்படீங்களா" என்று கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருந்துதுங்க. இன்னொன்னு இருந்தா போடுங்க."

இருந்தது. போட்டேன்.

கிளாடிஸ் நிஜமாகவே நேந்திரம் சிப்ஸ் வாங்கி வந்துவிட்டாள். எல்லோரும் தின்றோம். வண்டியில் வரும்போது இவர், "ரெண்டாவதுதான் எனக்குப் புடிச்சுது. அது கொஞ்சம் சோகமா இருந்துது" என்றார். இவருக்குச் சோகம் கேட்கும் என்று நான் நினைத்ததில்லை.


மார்ச் 20, திங்கள்

பேப்பரில் விழாவைப் பற்றி அரைப் பக்கம். பெரிய மேடையில் பாடியவர்களின் படங்கள். எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இவர் முன்னும் பின்னும் திருப்பித் தேடிவிட்டு, "என்ன பேப்பர் நடத்தறாங்க" என்று கோபித்துக்கொண்டார். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே நம் பாட்டுக்கு இருப்பது போல ஓர் ஆசுவாசம்.

ஆஸ்பத்திரியில் இன்று கூட்டம் அதிகம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு இளம்பெண்ணின் குரல்.

"நேத்து தறிக் கொட்டகையில வாசிச்சீங்கல்ல, நான் பின்னாடி நின்னுட்டு இருந்தேங்க. ஸ்ரீவித்யா அக்காகிட்ட உங்க நம்பர் வாங்குனேன். நெட்ல கட்டம்ங்கற பேர்ல பாட்டு ஏத்தறது நீங்கதானுங்களா? நான் துடியலூர்ல இருந்து பேசறேன். நானும் மூணு வருஷமாப் போட்டுட்டு இருக்கறேன். இந்த ஊர்ல நான் ஒருத்தி மட்டும்தான் இதைப் பண்றேன்னு நெனைச்சுட்டு இருந்தேன்."

"எதுல போடறீங்க?" என்று கேட்டேன்.

"போன்லதாங்க. எங்கிட்ட டப்பா இல்ல. போன்ல போட்டா அது சிப்டியூன் இல்லைன்னு சொல்லுவாங்கன்னு யார்கிட்டயும் காட்டுனதில்ல."

"அத விடுங்க. ஏப்ரல் ரெண்டாந்தேதி ஞாயித்துக்கிழமை கணபதிக்கு வாங்க. மாடிப்படி செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க."

அவள் பெயரைச் சொன்னாள். சன்னமான குரல், பக்கத்தில் வேறு டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒரே தடவையில் விளங்கியது. ஜெயந்திமாலா. எழுதிக்கொண்டேன்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் அதை இடது காதில்தான் வைத்திருந்திருக்கிறேன்.